தாய்க்கு எதிராக நின்ற சாட்சி: அன்னி பெசண்ட் தன்வரலாறும் 1878-ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

அன்னி பெசண்ட் அம்மையார் 1893-ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாறு நம் ஆயர்கள் விரும்பிப் படிக்கும் நூல் அன்று. அடையாற்றில் இருந்து பிரம்மஞான சபையை நடத்தியவர், கிறிஸ்தவ அருட்பணியைக் குறைகூறியவர் என்னும் அளவிலேயே அவர் நமக்கு அறிமுகமானவர். அவருடைய கொள்கைகளை நாம் ஏற்கவில்லை; இக்கட்டுரை அவற்றைப் பற்றியதும் அன்று. ஆனால் அந்நூலின் நடுப்பகுதியில், இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர் ஒருவரின் மனைவி, கணவரைப் பிரிந்த பின்னர், தம் ஏழு வயது மகளை நீதிமன்றக் கட்டளையால் இழந்த வரலாறு இருக்கிறது. அதனை 1878-ஆம் ஆண்டுத் தீர்ப்போடு சேர்த்துப் படித்துப் பார்ப்பதே நம் நோக்கம். மணமுறிவுக்குப் பின் தாயின் நிலை யாது என்னும் கேள்வியோடு ஆயரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் இன்று பலர். அவர்களுக்கு மறுமொழி சொல்லுமுன் இவ்வழக்கை அறிந்திருத்தல் நலம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெசண்ட் தம்பதியர் மணமுறிவு பெற்றவர் அல்லர். பிரிவுப் பத்திரம் எழுதிப் பிரிந்தவர்கள். கணவர் 1917-இல் இறக்கும்வரை சட்டத்தின் பார்வையில் அவர்கள் கணவன் மனைவியராகவே இருந்தனர். 1857-ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டப்படி, மனைவி பிறனோடு கூடினாள் என்று மெய்ப்பித்தால் கணவன் மணமுறிவு பெறலாம். மனைவியோ கணவனின் விபசாரத்தோடு கொடுமை, கைவிடல் போன்ற மற்றொரு குற்றத்தையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். கொடுமை மட்டும் போதாது. இந்த ஓரவஞ்சனை நம் நாட்டுக்கும் கப்பலேறி வந்ததைப் பின்னர்க் காண்போம்.

அன்னி 1867-இல் பிராங்க் பெசண்ட் என்னும் குருவானவரை மணந்தார். டிக்பி என்னும் மகனும் மேபல் என்னும் மகளும் பிறந்தனர். 1871-இல் குழந்தை மேபல் கக்குவான் இருமலால் சாகும் தறுவாய்க்குச் சென்றாள். குற்றமற்ற பிள்ளை ஏன் இவ்வாறு துன்புற வேண்டும் என்று தாய் கேட்ட கேள்வியே அவரது விசுவாசத்தின் அடித்தளத்தை அசைத்தது. அக்காலத்தின் பெயர்பெற்ற இறையியலறிஞர் பியூசியிடம் அவர் நேரில் சென்று தம் ஐயங்களைச் சொன்னார். கிடைத்தது விடையன்று, கண்டனமே. கணவர் லிங்கன்ஷயரில் சிப்சி என்னும் ஊரின் குருவானவராக இருந்தபோது, நம்பாத ஒன்றை நம்புவதாகக் காட்ட மனமில்லாமல் அன்னி திருவிருந்தில் பங்குபெறுவதை நிறுத்தினார். 1873-இல் கணவர் நிபந்தனை விதித்தார்: திருவிருந்தில் பங்குபெறுவதானால் வீட்டுக்கு வரலாம், இல்லையேல் வர வேண்டாம். அன்னி வெளியேறினார்.

இந்த இடத்தில் இறையியல் மாணவர் சற்று நிற்க வேண்டும். கிறிஸ்துவின் பந்தி, இங்கே மனைவியை வீட்டில் வைத்திருப்பதற்கான நிபந்தனையாக்கப்பட்டது. அம்மையாரின் நூல் இதற்கு எதிரான மற்றொரு காட்சியையும் தருகிறது. 1874-இல் அவருடைய தாய் மரணப் படுக்கையில் திருவிருந்து பெற விரும்பினார். ஆனால் மகளும் தம்மோடு பங்குபெறாவிட்டால் தாமும் பெறுவதில்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அழைக்கப்பட்ட குருமார் மறுத்தனர். இறுதியில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குரு ஸ்டான்லி, மகளின் நம்பிக்கையின்மையை அறிந்தே அவ்வீட்டுக்கு வந்து இருவருக்கும் திருவிருந்து வழங்கினார். ஸ்டான்லி செய்தது முறையா என்று நாம் வாதிடலாம். ஆனால் பிற்காலத்தில் திருச்சபையைக் கடுமையாகச் சாடிய அந்த அம்மையார் நன்றியோடு நினைவுகூர்ந்த குருவானவர்களுள் ஒருவர் அவர் என்பதை மறக்கலாகாது.

பிரிவுப் பத்திரத்தின்படி மகன் தந்தையிடமும் மகள் தாயிடமும் வளர வேண்டும். பிள்ளையைத் தாயிடம் விட்டுக்கொடுக்கும் இத்தகைய உடன்பாடுகள் அதுவரை ஆங்கில நீதிமன்றங்களில் செல்லாதவை. ஏனெனில் தந்தையின் உரிமை அவர் விரும்பினாலும் கைவிட முடியாத ஒன்றாகக் கருதப்பட்டது. 1839-ஆம் ஆண்டுச் சட்டம்தான் முதன்முதலாக, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ள நீதிமன்றத்தை நாடும் வாய்ப்பைத் தாய்க்கு அளித்தது. கணவரால் மூன்று ஆண்மக்களைப் பறிகொடுத்த எழுத்தாளர் கேரலின் நார்ட்டனின் ஓயாத முயற்சி அதற்குப் பின்னால் இருந்தது. அச்சட்டமும் விபசாரக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட தாய்க்கு வாயிலை அடைத்தே வைத்தது. 1873-ஆம் ஆண்டுச் சட்டம் வயது வரம்பைப் பதினாறாக உயர்த்தியது. பிரிவுப் பத்திரங்களும் செல்லும் என்றது. ஆனால் பிள்ளையின் நன்மைக்கு மாறானது என்று நீதிமன்றம் கருதினால் அவற்றை நிறைவேற்றாமல் விடலாம் என்றும் சொன்னது. அன்னியின் பத்திரம் அதே ஆண்டில் எழுதப்பட்டது. இந்த விதிவிலக்கின் வழியாகவே அவரது மகள் பறிக்கப்பட்டாள்.

1874-இல் அன்னி நாத்திகர் சங்கத்தில் சேர்ந்தார். 1877-இல் சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து, கருத்தடை பற்றி அமெரிக்க மருத்துவர் நோல்டன் எழுதிய சிறுநூலை மறுபதிப்புச் செய்தார். ஆபாச நூல் வெளியிட்ட குற்றத்துக்காகத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் மேல்முறையீட்டில் சட்ட நுணுக்கம் ஒன்றால் அது நீங்கியது. 1878-இல் பிராங்க் பெசண்ட் மகளைத் தம்மிடம் ஒப்படைக்கக் கோரி வழக்கிட்டார். அன்னி வழக்கறிஞரை அமர்த்தாமல் தாமே வாதாடினார். நீதிபதி சர் ஜார்ஜ் ஜெசல். மகள் தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டாள்.

தீர்ப்பைப் படிப்பவர் எதிர்பாராதது ஒன்று அதில் உண்டு. தாய் மகளிடம் அன்பாக இருந்தார், அவளை நன்றாகவே கவனித்துக்கொண்டார் என்பதை நீதிபதி ஒப்புக்கொள்கிறார். பட்டினியோ அடியோ புறக்கணிப்போ அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. பின் எதனால் அவர் தகுதியற்றவர் ஆனார்? மகளுக்குச் சமயக் கல்வி கிடைக்காதபடி செய்தது ஒன்று. அச்சிறுநூலை வெளியிட்டது மற்றொன்று. இவ்விரண்டின் விளைவாக, மதிப்புள்ள பெண்மணிகள் இத்தாயோடு பழக மாட்டார்கள், ஆகவே மகளும் ஒதுக்கப்படுவாள் என்பது நீதிபதியின் முடிவு. ஜெசல் யூதர். ஆதலால் கிறிஸ்தவக் கோட்பாட்டின்மேல் கொண்ட பற்றினால் இவ்வாறு தீர்ப்பளித்தார் என்று சொல்வது பொருந்தாது. அவர் எடைபோட்டது அக்காலச் சமுதாயத்தின் முகச்சுளிப்பையே.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஒதுக்கப்படும் குழந்தை துன்புறும் என்பது உண்மை. பிள்ளையின் நலனை நோக்கும் நீதிபதி அதனைக் கண்டுகொள்ளாமல் இருக்கவும் முடியாது. நாம் காணும் குறை வேறு. மழையும் பனியும் போல, மனிதர் செய்யாத ஏதோ ஒன்றைப் போல, தீர்ப்பு அந்த ஒதுக்குதலைப் பேசுகிறது. ஒதுக்குகிறவர்கள் யார்? தங்கள் மகளை மேபலோடு விளையாட விடாத அந்த மதிப்புள்ள பெண்மணிகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே அமர்ந்திருந்தனர்? அவர்கள் திருமுழுக்குப் பெற்றவர்கள், திருவிருந்தில் பங்குபெறுகிறவர்கள். சபை தாயை ஒதுக்கியது. நீதிமன்றம் அந்த ஒதுக்குதலையே சாட்சியமாக ஏற்றது. அதன் பயனாக மகள் ஒரு குருவானவரின் வீட்டுக்குப் போனாள். தந்தையின் இயற்கை உரிமை என்னும் பழைய கோட்பாட்டை வெளிப்படையாகச் சொல்லவேண்டிய தேவைகூட எழவில்லை. குழந்தையின் நலன் என்னும் புதிய நல்ல சொல் அந்த வேலையைச் செய்து முடித்தது.

இந்த அளவுகோல் எந்தப் பக்கமும் வெட்டும் என்பதை நம்மவர் எண்ணிப்பார்க்க வேண்டும். இந்து அல்லது இஸ்லாமியக் குடும்பத்துப் பெண் ஒருத்தி கிறிஸ்துவை ஏற்று, அதனால் கணவரால் கைவிடப்பட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய உற்றாரும் ஊராரும் அவளை ஒதுக்குவர். ஜெசல் காட்டிய வழியில் சென்றால் அவளுடைய பிள்ளையும் அவளிடம் தங்காது. நாத்திகத் தாய்க்கு எதிராக எழுதப்பட்ட தீர்ப்பு விசுவாசத் தாய்க்கு எதிராகவும் அப்படியே பொருந்தும்.

அன்னி தாயாக மட்டுமன்றி மனைவியாகவும் அந்தப் பத்திரத்தால் கட்டுண்டார். மகளை இழந்த பின், பத்திரமே பொய்யாகிவிட்டது என்று கருதி, மணவுறவை மீட்டுத்தரக் கோரும் வழக்கைத் தொடங்க அவர் முற்பட்டார். கணவர் தடை கேட்டார். 1879-இல் அதே ஜெசல், பிரிவுப் பத்திரத்தில் தந்த வாக்கை மனைவி மீற முடியாது என்று தடை வழங்கினார். மகளைத் தாயிடம் வைத்திருக்க வலிமையற்றுப்போன அதே பத்திரம் தாயைக் கட்டிவைக்க மட்டும் வலிமை பெற்றிருந்தது. சட்டத்தில் இதற்கு விளக்கம் உண்டு: பிள்ளையைப் பற்றிய பகுதி வேறு, பெரியவர்களைப் பற்றிய பகுதி வேறு. விளக்கம் சரியாகவே இருக்கலாம். அதன் சுமை முழுவதும் ஒருவர் தலைமேலேயே ஏறியதுதான் நம் கண்ணில் படுகிறது.

மேல்முறையீட்டில் மகளைத் திரும்பப் பெற முடியவில்லை. பிள்ளைகளைச் சந்திக்கும் உரிமை மட்டும் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு சந்திப்பும் பிள்ளைகளை அலைக்கழித்தது என்று கண்ட அன்னி, அவர்கள் வளரும்வரை சந்திப்பதையே விட்டுவிட்டார். நம் மேடைகளில் இத்தகைய செயலுக்கு ஆயத்தமான ஒரு பாடம் உண்டு. முதலாம் இராஜாக்கள் மூன்றாம் அதிகாரத்தில் சாலொமோனின் முன் நின்ற இரு பெண்களுள், பிள்ளை பிழைத்தால் போதும் என்று விட்டுக்கொடுத்தவளே உண்மைத் தாய் என்று நாம் பிரசங்கிக்கிறோம். பிரிந்து வாழும் தாய்மாருக்கு ஆலோசனை சொல்லும்போதும் அதையே எடுத்துக்காட்டுகிறோம். அப்பகுதியின் முடிவை மட்டும் விட்டுவிடுகிறோம். சாலொமோன் விட்டுக்கொடுத்தவளின் கையில் பிள்ளையைத் திரும்பக் கொடுத்தான். விட்டுக்கொடுத்தலைத் தாய்மையின் இலக்கணமாக அவன் வைக்கவில்லை. தாய் யார் என்று கண்டறியும் வழியாகவே அதைக் கொண்டான். விட்டுக்கொடுக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் திரும்பக் கொடாத ஆலோசனை பாதிக் கதையை வேதமாக்குகிறது.

நூலைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். 1893-இல் அம்மையார் பிரம்மஞானத்தைத் தழுவியிருந்தார். தம் வாழ்வின் ஒவ்வொரு இழப்பையும் அந்த இலக்கை நோக்கிய படியாகவே எழுதுகிறார். அதனால் மகளைப் பிரிந்த பகுதியிலும் தாயின் உள்ளம் விரிவாகப் பேசப்படுகிறது. மகள் எவ்வாறு அதைத் தாங்கினாள் என்பது தாயின் கண்வழியாக மட்டுமே தெரிகிறது. தந்தையிடம் தங்கிவிட்ட மகனைப் பற்றிய பக்கங்களோ மிகக் குறைவு. பிராங்க் பெசண்டின் தரப்பு அந்நூலில் இல்லை. அவருடைய கடுமையைப் பற்றிய குற்றச்சாட்டுகளை நாம் ஒருதலைச் சாட்சியமாகவே கொள்ள முடியும். வழக்காடியவரின் நூல் இது என்னும் விழிப்போடு படிக்க வேண்டும். ஆயினும் தீர்ப்பின் அடிப்படை பற்றிய நம் திறனாய்வு அவரது சொல்லை நம்பி நிற்பதன்று. தாயின் அன்பை ஒப்புக்கொண்டது நீதிபதியே அல்லவா?

இவ்வழக்குக்குச் சென்னையில் ஒரு பிற்சேர்க்கை உண்டு. ஜி. நாராயணையா 1910-இல் தம் மைந்தர் ஜே. கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவருக்கும் அன்னியைக் காப்பாளராக்கி எழுதிக்கொடுத்தார். 1912-இல் மனம் மாறி வழக்கிட்டார். அன்னி மறுபடியும் தாமே வாதாடினார். தந்தைக்காக வழக்காடியவர் சி. பி. இராமசாமி ஐயர், சில ஆண்டுகளில் அவரே சுயாட்சி இயக்கத்தில் அம்மையாரின் தோழரானார் என்பது வேறு கதை. 1913-இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்தைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1914-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், இங்கிலாந்தில் இருந்த அந்த இளைஞர்களின் விருப்பமும் நலனும் கேட்கப்படவில்லை என்று அத்தீர்ப்பை நீக்கியது. ஆயினும் தந்தையே இயற்கைக் காப்பாளர், அவர் பிறரிடம் ஒப்படைத்த பொறுப்பைத் திரும்பப் பெற முடியும் என்னும் கோட்பாட்டை உறுதிசெய்தது. இவ்வாறாக, தந்தையின் உரிமையால் மகளை இழந்த தாயின் பெயரே நம் நாட்டுச் சட்ட நூல்களில் தந்தையின் உரிமைக்கு மேற்கோளாக நிலைத்துவிட்டது.

இனி நம் சொந்தச் சட்டம். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம் 1857-ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தின் அச்சிலேயே வார்க்கப்பட்டது. இங்கிலாந்து 1923-இல் கணவன் மனைவியரை இவ்வகையில் சமமாக்கியது. நாமோ 1995-இல் கேரள உயர் நீதிமன்றம் இடித்துரைத்த பின்னரும் காத்திருந்து, 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் அந்நிலையை அடைந்தோம். 78 ஆண்டுகள்! அதுவரை விபசாரக் குற்றம் சாட்டப்பட்டுத் தோற்ற மனைவியின் சொத்தைக் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் எழுதிவைக்கக் கட்டளையிடும் பிரிவும் அச்சட்டத்தில் இருந்தது. கணவனின் சொத்துக்கு அத்தகைய பிரிவு இல்லை.

பிள்ளைகளைப் பற்றிய 41 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கவை. வளர்ப்பு, பராமரிப்பு, கல்வி ஆகியவற்றைக் குறித்து நீதிமன்றம் தகுதி என்று கருதும் கட்டளையை இடலாம் என்று மட்டுமே அவை சொல்கின்றன. எதைக் கொண்டு தகுதியை அளப்பது என்பது எழுதப்படவில்லை. மேலும் 1869-ஆம் ஆண்டு வாசகத்தில், சுதேசித் தந்தையின் மகன் பதினாறு வயது வரையிலும் மகள் பதின்மூன்று வயது வரையிலுமே சிறுவர். ஏனையோரின் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது. இந்தியச் சிறுமிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே முடிந்துவிடுமாறு எழுதியவர்கள், நம்மை ஒரே ஞானஸ்நானத்தில் பங்காளிகளாகக் கொண்டவர்கள்தாம்.

அளவுகோலை எழுதாமல் விட்ட இடத்தை நீதிபதியின் மனச்சாட்சி நிரப்புகிறது. அது நன்றாகவும் நிரப்பலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய கிறிஸ்தவத் தம்பதியர் வழக்கு ஒன்றில், 1973-இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்லர், விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்று தெளிவாக்கி, பிள்ளையின் நலனையே முதன்மையாக வைத்தது. ஆனால் காப்பாளர் உரிமை வேறொரு சட்டத்தில் இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கும் பொருந்தும் 1890-ஆம் ஆண்டுச் சட்டம், தகுதியற்றவர் அல்லாத தந்தை உயிரோடிருக்க வேறொருவரைப் பிள்ளைக்குக் காப்பாளராக நியமிப்பதைத் தடுத்தது. தாயும் தந்தையோடு சேர்த்து அப்பிரிவில் எழுதப்பட்டது 2010-இல்தான். 120 ஆண்டுகளாக, பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள் தாயாயினும் கையெழுத்து தந்தையுடையது. 2015-இல் மணமாகாத கிறிஸ்தவத் தாய் ஒருவர், தந்தையின் பெயரைச் சொல்லாமலே தம் மகனுக்குக் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வகையில் கிறிஸ்தவத் தாயின் நிலை இந்துத் தாயின் நிலையினும் தாழ்ந்திருப்பதையும் அது சுட்டிக்காட்டியது. அதே ஆண்டில் சட்ட ஆணையம் தன் 257-ஆம் அறிக்கையில் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமையைப் பரிந்துரைத்தது.

வளர்ப்பும் கையெழுத்தும் பிரிக்கப்படக் கூடாது என்பதற்கு ஆதியாகமம் 21-ஆம் அதிகாரம் நமக்கு ஒரு சாட்சி. ஆகார் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்டவள். அவள் அழுததையும் துருத்தியில் நீர் நிரப்பியதையும் பிரசங்கிக்கிறோம். அப்பகுதியின் கடைசி வசனத்தை வாசித்தபடியே கடந்துவிடுகிறோம். அவள் தன் நாட்டிலிருந்து தன் மகனுக்குப் பெண் கொள்கிறாள். முற்பிதாக்களின் வீடுகளில் அது தந்தையின் அதிகாரம். ஆபிரகாம் ஈசாக்குக்குச் செய்தது. தள்ளிவிடப்பட்ட தாய் இங்கே பராமரிப்பவளாக மட்டும் நின்றுவிடவில்லை; காப்பாளராகவே செயல்படுகிறாள். திருமறை அதனை எவ்விதக் குறைகூறலும் இல்லாமல் பதிவுசெய்கிறது.

வளர்ப்புரிமை வழக்குகளில் ஆயரின் கடிதம் நீதிமன்றம் வரை செல்வதுண்டு. குடும்பம் சபைக்கு ஒழுங்காக வருகிறதா, தாயின் நடத்தை எத்தகையது என்று எழுதித் தரும்படி உறவினர் கேட்கின்றனர். கணவரைப் பிரிந்த பின் பெண்கள் ஐக்கியத்துக்கு வருவதை அவள் நிறுத்தியிருப்பாள். வரும்போது எழும் கிசுகிசுப்பே அதற்குக் காரணமாக இருக்கும். அவள் சபைக்கு ஒழுங்காக வருவதில்லை என்று ஆயர் எழுதுகிறார். எழுதியது பொய்யன்று. கடிதம் கேட்டு வந்தவரிடம், அவள் ஏன் வருவதை நிறுத்தினாள் என்பதையும் அதே தாளில் எழுதுவேன் என்று சொல்லிப்பார்க்கலாம். பலர் கடிதம் வேண்டாம் என்று திரும்பிப் போவர். பிள்ளை இப்போது யாரிடம் உண்டு உறங்குகிறது, யார் அதைப் பள்ளிக்கு அனுப்புகிறார், நோயுற்றால் யார் விழித்திருக்கிறார் என்பவற்றை ஆயர் அறிந்திருந்தால் அவற்றை எழுதட்டும். ஞாயிறு வருகைப் பதிவேடு அவற்றைச் சொல்லாது.

மேபல் வயது வந்தவுடன் தாயிடமே திரும்பினாள். டிக்பியும் அவ்வாறே வந்து சேர்ந்தார்.